மென்பொருள் வேலைக்குக் கணினி வாங்குவது எப்படி: கடைக்குப் போகும் முன்பிருந்து முதல் வாரம் வரை முழுமையான வழிகாட்டி

ஜூன், ஜூலை வந்துவிட்டால் என் போன் ஓயாது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள், கேம்பஸில் வேலை கிடைத்தவர்கள், ஊரில் இருந்தபடி ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இந்த லேப்டாப் எடுக்கலாமா?" கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் வரும். பிராசசர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, முடியாதா என்பது எங்கேயும் இருக்காது.

நான் திருப்பிக் கேட்பது, "நீ எங்கே காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே தம்பி?" என்றுதான். புரோகிராம் எழுதுபவரின் நாளில் கணினி நம்மைக் காக்க வைக்கும் இடங்கள் பல. பில்டு (எழுதிய புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் வேலை) முடிய வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும், எமுலேட்டர் (கணினிக்குள்ளேயே ஓடும் பொம்மை போன்) எழுந்திருக்க வேண்டும், ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அது திறக்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது முறை பில்டு ஓட்டுபவருக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மிச்சமானால் நாற்பது நிமிடம் கையில் நிற்கும். நேரத்தைவிடப் பெரிய இழப்பு, அந்த ஒரு நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிடுகிறோம் என்பது. யோசித்துக்கொண்டிருந்த இழை அறுந்துவிடும். எங்கே காத்திருக்கிறீர்களோ அங்கே காசைப் போடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்குதான்.

படி 1: கடைக்குப் போகும் முன் வேலையை அளந்து பாருங்கள்

புது வேலைக்குச் சேரப் போகிறவர் என்றால், ஆஃபர் லெட்டர் வந்ததும் எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான ஐடி நிறுவனங்கள் லேப்டாப்பை அவர்களே தருகிறார்கள். கம்பெனியின் கோட் ஃபைல்களைச் சொந்தக் கணினியில் வைக்கவும் விடமாட்டார்கள். சேரும் தேதிக்கு முன் தவணை போட்டு வாங்கிய விலை உயர்ந்த லேப்டாப் வீட்டு பீரோவில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சொந்தமாக வாங்கியே ஆக வேண்டுமா? சரி, ஒரு தாளை எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் என்னவெல்லாம் திறந்திருக்கும் என்று எழுதுங்கள். "பைதான் படிக்கிறேன்" என்பது போதாது. "விஎஸ் கோட், குரோமில் இருபது டேப், போஸ்ட்கிரெஸ், சாயங்காலம் ஜூம் கிளாஸ்" என்கிற அளவுக்கு எழுதுங்கள்.

அடுத்து, இப்போது கையில் இருக்கும் கணினியிலோ நண்பரின் கணினியிலோ அத்தனையையும் ஒன்றாகத் திறந்து வேலை செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெமரி (அதாவது ரேம்) பகுதியில் 'கமிட்டெட்' என்று ஒரு எண் இருக்கும். திறந்திருக்கும் புரோகிராம்கள் மொத்தமாகக் கேட்டு வைத்திருக்கும் அளவு அது. 8 ஜிபி கணினியில் அந்த எண் 13, 14 என்று நின்றால் உங்கள் வியாதி என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பில்டு ஓட்டுங்கள். பிராசசர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால், கூடுதல் கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உதவும். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், ரேம் போதாமல் கணினி டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தித் திணறுகிறது என்று அர்த்தம். இரண்டுமே சும்மா இருந்தும் நீங்கள் காத்திருக்கிறீர்களா? பேக்கேஜ்கள் டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கும். அது இணைய இணைப்பின் கோளாறு. புது லேப்டாப் வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும்.

படி 2: ரேம்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

என் கணினியில் ஒரு நடுத்தர ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் ஓடும்போது பார்த்த கணக்கு: விண்டோஸுக்கு 3.5 ஜிபி, குரோமுக்கு 2.5, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 3, பில்டை ஓட்டும் கிரேடிலுக்கு 2, எமுலேட்டருக்கு 3.5. கூட்டினால் 14.5 ஜிபி. 16 ஜிபி கணினியில் மூச்சுவிட ஒன்றரை ஜிபிதான் மிச்சம். எமுலேட்டரும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால் குறைந்தபட்சம் 16 ஜிபி என்று கூகுளே சொல்கிறது.

வெப் வேலை செய்பவர்கள் "எனக்கு அவ்வளவு வேண்டாம்" என்பார்கள். டாக்கர் (புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் 'கன்டெய்னர்' என்ற ஒரே பெட்டியில் போட்டு ஓட்டும் கருவி) வரும் வரை அது உண்மை. விண்டோஸில் டாக்கர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் 2-இன் மேல்தான் ஓடுகிறது. அது உள்ளுக்குள் ஓடும் ஒரு லினக்ஸ் இயந்திரம். நாம் எதையும் மாற்றாமல் விட்டால், கணினியின் மொத்த ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் பாதி போனால் மீதி 4. அதில் விண்டோஸும் குரோமும் எடிட்டரும் எப்படிக் குடித்தனம் நடத்தும்?

ஆகவே என் அளவுகோல் இது. எச்டிஎம்எல், பைதான் அடிப்படை, சி புரோகிராம் என்று படிக்க ஆரம்பிப்பவருக்கு 8 ஜிபி ஓடும், ஆனால் அதைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். சம்பாதிக்கும் வேலைக்கு 16 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது. ஆண்ட்ராய்டு, நாலைந்து ஜாவா சர்வீஸ்கள், டாக்கர் கன்டெய்னர்கள், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) இவற்றில் எது இருந்தாலும் 32 ஜிபி.

அளவுக்கு நிகரான இன்னொரு கேள்வி, ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது. எடை குறைந்த மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் பற்றவைத்துத்தான் வருகிறது. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றை 8 ஜிபியோடு வாங்கினேன். அழகான கணினி, கையில் தூக்கினால் புத்தகம் மாதிரி இருக்கும். ஒரு வருடத்தில் டாக்கர் ப்ராஜெக்ட் ஒன்று வந்தது. ரேம் போடலாம் என்று கடைக்கு எடுத்துப் போனேன். பையன் பத்து ஸ்க்ரூவைக் கழற்றி, அடிமூடியை நகத்தால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்லாட்டே இல்லையே சார்" என்றான். போர்டில் நாலு கறுப்புச் சதுரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த லேப்டாப்பை வாங்கிய விலையில் பாதிக்குத்தான் விற்க முடிந்தது.

அடிமூடியைத் திறக்காமலே இதைத் தெரிந்துகொள்ளலாம். கடையில் வைத்திருக்கும் டெமோ லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது. பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி என்றால் அது நல்ல சகுனம். பற்றவைத்த ரேம்தான் என்று முடிவானால், இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே உள்ள அளவை இப்போதே வாங்கிவிடுங்கள்.

"இப்போ 8 எடுத்துட்டு அப்புறம் கூட்டிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், கூட்டும் ரேமின் விலையையும் அப்போதே கேளுங்கள். ரேம் எப்போதும் மலிவாகிக்கொண்டே போகும் என்று நினைத்த காலம் போய்விட்டது. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் அதன் விலை கடுமையாக ஏறியது.

படி 3: பிராசசர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சித்தி பையன் ஒருவன் கேட்டான்: "ஐ7-ன்னா ஐ5-ஐ விட நல்லதுதானே அண்ணா?" அவன் பார்த்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று ஐ7-1255யு. அதில் வேகமான பெரிய கோர்கள் 2, சின்ன கோர்கள் 8. மற்றொன்று ஐ5-12500எச். அதில் பெரிய கோர்கள் 4, சின்ன கோர்கள் 8. முதலாவது 15 வாட்டுக்கு வடிவமைத்தது, இரண்டாவது 45 வாட்டுக்கு. நீண்ட பில்டு ஓடும்போது அந்த ஐ5-தான் முன்னால் போகும். ஐ7 ஜெயிக்கும் இடம் பேட்டரி. காலேஜ் கிளாஸில் நாலு மணி நேரம் சார்ஜர் இல்லாமல் உட்கார வேண்டுமென்றால் 'யு' நல்லது. மேசையில் சொருகி வைத்து வேலை செய்பவருக்கு 'எச்'. முன்னால் வரும் 5, 7 எண்களைவிடக் கடைசி எழுத்து அதிகம் பேசும்.

ஏஎம்டியிலும் இதே கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு பெயர்கள். ஒரு எண்தான் வித்தியாசம். முதலாவதில் பழைய ஜென் 2 வடிவமைப்பில் 4 கோர்கள், இரண்டாவதில் ஜென் 3-இல் 6 கோர்கள். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லும். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. கடையில் நிற்கும்போதே முழுப் பெயரையும் இன்டெல், ஏஎம்டி தளங்களில் தேடி, கோர் எத்தனை, எத்தனை வாட் என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

புதிதாக வாங்குபவருக்கு 6 கோர்களுக்குக் குறையாமல் இருந்தால் போதும். பட்ஜெட் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்கி, அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

படி 4: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா

ஐபோன் ஆப் எழுதப் போகிறீர்கள் என்றால் பேச்சே இல்லை, மேக்தான். அதற்கு வேண்டிய எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேறு எதிலும் ஓடாது. மேக்கில் ரேமும் ஸ்டோரேஜும் பின்னால் கூட்ட முடியாதவை என்பதால் படி 2-இல் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும். 2024 அக்டோபரில்தான் ஆப்பிள் மேக்புக் ஏரின் அடிப்படை ரேமை 16 ஜிபி ஆக்கியது. அதற்கு முன் விற்ற 8 ஜிபி ஏர்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. விலை குறைவாகத் தெரிகிறதே என்று எடுக்காதீர்கள். எம்1 முதல் ஏரில் ஃபேன் கிடையாது, அதனால் சத்தமே இருக்காது. ஆனால் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரப் பில்டு ஓட்டினால் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னச் சின்னப் பில்டு என்றால் ஏர் அருமையான கணினி. மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு ஃபேன் உள்ள ப்ரோ. மாணவர்களுக்கு ஆப்பிள் தனி விலை தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

டாட்நெட்டின் பழைய ஃப்ரேம்வொர்க், டெஸ்க்டாப் மென்பொருள், விளையாட்டு என்றால் விண்டோஸ். சர்வர் பக்க வேலைக்கு லினக்ஸ் நேரடியாக இருந்தால் நிம்மதி. அது முடியாதவருக்கு விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் நன்றாகவே ஓடுகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ப்ராஜெக்ட் ஃபைல்களை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து அதைத் தொட்டால், ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ப்ராஜெக்ட் ஆமை வேகத்தில் நகரும். புதுக் கணினி வாங்கியும் வேகம் இல்லை என்று புலம்பிய இரண்டு பேருக்கு இந்த ஒரு மாற்றத்தில் சரியானது.

லினக்ஸ் போடப் போகிறவர்கள், உபுண்டு வெளியிடும் சான்றளித்த கணினிகளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை சிப் இன்டெல்லுடையதாக இருந்தால் தொல்லை குறைவு. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அவை இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகை. உங்கள் டாக்கர் இமேஜ், விபிஎன், டிரைவர் எல்லாவற்றுக்கும் ஏஆர்எம் பதிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே தொடுங்கள்.

படி 5: எஸ்எஸ்டியும் கிராஃபிக்ஸ் கார்டும்

எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற வேகமான வகையாக, 512 ஜிபியாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு எஸ்டிகே, எமுலேட்டர் இமேஜ், டாக்கர் இமேஜ் என்று சேர்ந்தால் 256 ஜிபி ஆறு மாதத்தில் சிவப்புக் கோட்டைத் தொடும். எஸ்எஸ்டிக்கு இரண்டாவது ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது.

வெப், ஆப், சர்வர் வேலைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் எழுதும் கருவிகள், மெஷின் லேர்னிங் இவற்றுக்குத்தான் வேண்டும். மெஷின் லேர்னிங் என்றால் என்விடியா கார்டாக இருக்கட்டும், ஏனென்றால் அதற்குப் பெரும்பாலும் தேவைப்படும் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் அதில்தான் ஓடும். கார்டின் மாடலைவிட அதிலுள்ள மெமரியைப் பாருங்கள். 700, 800 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மொழி மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் அதற்கு 4 முதல் 5 ஜிபி வரை தேவைப்படும். படிக்க மட்டும்தான் என்றால் பிரவுசரிலேயே கோட் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் இலவசமாகவே 16 ஜிபி மெமரி உள்ள டி4 கார்டு கிடைக்கிறது. அதில் ஆரம்பியுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேமிங் லேப்டாப் என்றால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதே விலையில் எச் வகை பிராசசர், இரண்டு ரேம் ஸ்லாட், பெரிய ஃபேன்கள் எல்லாம் அதில்தான் கிடைக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் போல ஒரு சார்ஜர், மூன்று மணி நேர பேட்டரி. ஹாஸ்டல் மேசையை விட்டு நகராத கணினி என்றால் இது நல்ல முடிவுதான்.

மேசையை விட்டு நகரவே வேண்டாம் என்பவருக்கு அதைவிட நல்லது டெஸ்க்டாப். ஒரே காசுக்கு வேகம் கூடுதல், சூடு குறைவு, எந்தப் பாகத்தையும் தனியாக மாற்றலாம். கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ போட்டால், எழுதியதைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும்.

படி 6: கண்ணுக்கும் கைக்கும்

எட்டு மணி நேரம் பார்க்கப் போவது திரையை. அகலம் 1920, உயரம் 1200 உள்ள திரை, வழக்கமான 1080 திரையைவிட 120 பிக்சல் உயரம் கூடுதல். எடிட்டரில் அது ஆறு வரி கோட். ஒரு ஃபங்க்ஷனின் கடைசி ஆறு வரி கண்ணெதிரே இருப்பதும் ஸ்க்ரோல் செய்து தேடுவதும் ஒன்றல்ல. பிரகாசம் 300 நிட்ஸ் இருக்கட்டும். 250 என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

கீபோர்டை நின்றபடி ரெண்டு தட்டு தட்டிப் பார்க்காதீர்கள். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, நோட்பேடில் பத்து வரி கோட் அடித்துப் பாருங்கள். அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, ஆரோ கீகள், ஹோம், எண்டு எல்லாம் விரல் தேடாமல் கிடைக்கிறதா? 15.6 இன்ச் லேப்டாப்பில் வலது பக்கம் எண் கீகள் இருந்தால், கைகள் இடது பக்கம் ஒதுங்கித்தான் உட்கார வேண்டும். சிலருக்குப் பழகிவிடும், எனக்குத் தோள் வலி வந்தது.

படி 7: பழசு வாங்கலாமா?

தாராளமாக. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் குவிந்திருக்கின்றன. புது லேப்டாப்பில் பாதி விலைக்கு உறுதியான உடம்பும் நல்ல கீபோர்டும் கிடைக்கும். ஆனால் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதுபோல வாங்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையதை லினக்ஸ் போடுபவர் மட்டும் எடுக்கலாம்.

கவுண்டரில் வைத்தே பேட்டரி ரிப்போர்ட் (பேட்டரியின் நிலையைப் பற்றி விண்டோஸே தரும் அறிக்கை) எடுங்கள். 'டிசைன் கெபாசிட்டி' 50,000, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' 31,000 என்றிருந்தால் பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம். புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போனால், எஸ்எஸ்டியின் ஆரோக்கியமும் அது ஓடிய மணி நேரமும் தெரியும். லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, வேண்டாம்.

பலர் விடும் சோதனை ஒன்று உண்டு. விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரை வரும் வரை அங்கேயே காத்திருங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் பழைய கம்பெனியின் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அது திரும்ப வரும். மேக்கிலும் இதே கதைதான். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 8: பில்லும் வாரண்டியும்

சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஃப்ரீலான்ஸ் செய்து ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் தங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். கட்டும் 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியும்.

அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா? தென்காசியில் இருப்பவர் மதர்போர்டு பழுதுக்கு மதுரை வரை போய் வர வேண்டுமென்றால், வேலை எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் ஆன்சைட் வாரண்டிக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கலாம்.

படி 9: முதல் வாரம்

ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். வந்த அன்றே உங்கள் உண்மையான ப்ராஜெக்ட்டைப் போடுங்கள், சும்மா யூடியூப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் தொடர்ந்து பில்டு ஓட்டுங்கள். முதல் பில்டு எவ்வளவு நேரம், பத்தாவது எவ்வளவு நேரம்? பத்தாவது பெரிதாக இழுத்தால் குளிர்விக்கும் அமைப்பு போதவில்லை. எல்லா யுஎஸ்பி துளையிலும் எதையாவது சொருகிப் பாருங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து திரையில் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு ஜூம் அழைப்பில் மைக்கும் கேமராவும் எப்படி என்று எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்.

அந்தப் பில்டு நேரத்தைத் தேதியோடு எங்காவது எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து "கணினி மெதுவாகிவிட்டது" என்று தோன்றும். அன்று அதே ப்ராஜெக்ட்டின் அதே பழைய கமிட்டை (அன்று சேமித்து வைத்த கோட் பதிப்பை) எடுத்து ஓட்டிப் பாருங்கள். நேரம் மாறவில்லை என்றால் வளர்ந்திருப்பது உங்கள் ப்ராஜெக்ட். நேரம் கூடியிருந்தால், புதிது தேடும் முன் அடிமூடியைத் திறந்து ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.